நீல இன்ஸ்பெக்டரும் சிவப்புச் சட்டை மாமாவும்

அரைகுறையாகப் படித்தவன் கையில் ஒரு தத்துவம் கிடைத்துவிட்டால் ஊரில் ஒருவரும் நிம்மதியாக இருக்க முடியாது. இதை நான் யாரையோ குத்திக்காட்டச் சொல்லவில்லை. அந்த அரைகுறை நான்தான். எண்பதுகளில் எங்கள் கோட்டைக்குப்பத்தில் என்னை விட்டால் வேறு அரைகுறையே கிடையாது. மற்றவர்கள் படிக்கவே போகவில்லை. அதனால் பாதுகாப்பாக இருந்தார்கள்.

அப்போது நான் பொன்னேரியில் விடுதியில் தங்கி பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். தமிழ் வகுப்பில் பேராசிரியர் ஒருநாள், "நல்ல எழுத்தாளன் எதையும் சும்மா வைப்பதில்லை. நாயகி பச்சைப் புடவை கட்டினால் அந்தப் பச்சைக்கு ஒரு அர்த்தம் உண்டு. நிறம் மாறினால் அவள் மனசு மாறுகிறது என்று பொருள்" என்றார். மற்ற பையன்கள் கொட்டாவி விட்டார்கள். எனக்கு மட்டும் பேய் பிடித்துவிட்டது. அன்று இரவு விடுதிச் சாம்பாரின் மஞ்சளில்கூட ஒரு சோகம் தெரிந்தது. (பருப்பு குறைவாகப் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான்.)

அந்த விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது பழவேற்காடு பஜாரில் ஒரு அதிசயம் நடந்திருந்தது. மீனுக்கு ஐஸ் கொடுக்கும் பாய் டிவி வாங்கி ஐஸ் கிடங்கின் முன் கூடத்தில் வைத்திருந்தார். வாரம் ஒருநாள் சாயங்காலம் தில்லியிலிருந்து ஒரு ஹிந்தித் துப்பறியும் தொடர் வரும். சுற்று வட்டாரக் குப்பங்கள் எல்லாம் அங்கே வந்து உட்கார்ந்துவிடும். ஹிந்தி ஒருவருக்கும் தெரியாது. பாய்க்கு உருது தெரியுமே என்று நம்பிக் கேட்டால், "நம்மளுக்குத் தமிழே தகராறு தம்பி" என்பார்.

முதல் நாள் கடைசி வரிசையில் நின்று பார்த்தேன். மூச்சே நின்றுவிட்டது. கலர்! இன்ஸ்பெக்டர் விறைப்பாக நிற்கிறார், முகம் முழுக்க நீலம். நாற்காலியில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறான், முகம் சிவப்பு. அதே குமாஸ்தா குனிந்து இரும்புப் பெட்டியைத் திறக்கிறான், பச்சை! எனக்குப் புரிந்துவிட்டது. திருடும்போது பச்சை. குற்ற உணர்ச்சியில் உட்கார்ந்திருக்கும்போது சிவப்பு. மனம் திருந்தி நிமிர்ந்து நின்றால் நீலம். ஒரு பாத்திரத்தின் வளர்ச்சியை இதைவிட அழகாக யார் காட்ட முடியும்? தில்லிக்காரன் மேல் பெரிய மரியாதை வந்தது.

சும்மா இருந்தேனா? கூட்டத்துக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். செய்தி வாசிக்கும் அம்மாளின் முகம் ஏன் எப்போதும் சிவப்பாக இருக்கிறது என்பதற்குக்கூட (நாட்டு நிலைமையை நினைத்து வெட்கப்படுகிறார்) என்னிடம் பதில் இருந்தது. ஒரு வாரம் இன்ஸ்பெக்டர் குனிந்து தரையில் கிடந்த பொத்தானை எடுத்தார். நான் துள்ளி எழுந்து, "ஐயோ, இன்ஸ்பெக்டரும் கூட்டு!" என்று அலறினேன். கூடமே அதிர்ந்தது.

"அடப்பாவி, எவ்ளோ நல்லவன்னு நெனச்சிகினு இருந்தேன்!" என்று மார்பில் கை வைத்துக்கொண்டாள் ஒருத்தி.

என் கெட்ட நேரம், அடுத்த வாரமே இன்ஸ்பெக்டர் தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. பாயே எனக்கு ஸ்டூல் போட்டார்.

இந்தப் புகழில் எனக்கு ஒரு சொந்த லாபமும் இருந்தது. செல்வி. அம்மாவின் அண்ணன் மகள். மாமா அடுத்த குப்பம். ஏரியில் இறால் ஓடும் நல்ல இடங்கள் எல்லோருக்கும் போதாது என்பதால், சீட்டு எடுத்து முறை வைத்து வலை கட்டுவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். எங்கள் பாடு முடிந்ததும் எனக்கும் செல்விக்கும் வெற்றிலை பாக்கு மாற்றுவது என்று நைனாவும் (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மாமாவும் பேசி வைத்திருந்தார்கள். இரண்டு வார்த்தை நல்லபடியாகப் பேசிக்கொண்டு வாயை மூடியிருந்தால் போதும். அதுதான் என்னால் முடியாத காரியம்.

எங்கள் பாடு வருவதற்கு முந்தின நாள் காலையில் கரைக்குப் போன நைனா தலையில் அடித்துக்கொண்டு திரும்பினார். கம்பத்தில் காயப் போட்டிருந்த வலையைக் காணோம். வலை இல்லையென்றால் பாடு போச்சு. மறுபடி நம் முறை வர நாளாகும். நாளெல்லாம் தேடினோம். டீக்கடைக்காரர் மட்டும், விடிகிற நேரத்தில் பச்சை லுங்கி கட்டிய ஆள் ஒருவர் எதையோ தோளில் போட்டுக்கொண்டு போனதைத் தூரத்தில் பார்த்ததாகச் சொன்னார்.

பச்சை! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அன்று தொடர் வரும் நாள். கூடம் நிரம்பியிருந்தது. பொன்னேரிச் சந்தையில் மீன் விற்றுவிட்டு அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கூடையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். தொடர் தொடங்கும் சமயம் மாமாவும் செல்வியும் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். திரையில் குமாஸ்தா குனிந்து பச்சையானான். இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று ஸ்டூலில் ஏறி நின்றேன்.

"எங்க வலைய எடுத்தவன் இந்தக் கூடத்துலதான் கீறான்!"

எல்லாத் தலையும் திரும்பியது. நைனாவுக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"காலையில திருடும்போது அவன் பச்சை. இந்நேரம் மனசு குத்தும். குத்தினா இன்னா கலரு?"

"சிவப்பு!" என்றது கூட்டம். நன்றாகப் பழக்கி வைத்திருந்தேன்.

"அப்போ காலையில பச்சையில இருந்து, இப்ப சிவப்புல வந்து உக்காந்துகினு இருக்கறவன் எவன்?"

கூடத்தில் ஆளுக்கு ஆள் சட்டையைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு செல்வி, விடுகதைக்கு விடை தெரிந்த சந்தோஷத்தில், "எங்க நைனா காலையில பச்ச லுங்கிதான் கட்டினு போச்சு. இப்ப சிவப்புச் சட்ட போட்டுகினு கீது!" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது புரிந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் மாமாவைப் பார்த்தேன். சிவப்புச் சட்டை. கூட்டமும் பார்த்தது. அந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்ய வேண்டும்? மயக்கம் போட்டு விழ வேண்டும். நான் ஸ்டூலில் நின்றபடியே, கருணையோடு, "மாமா, ஒத்துக்குங்க. எழுந்து நின்னீங்கன்னா நீலமாயிடலாம்" என்றேன்.

மாமா எழுந்து நின்றார். நீலமாகவில்லை. கன்னங்கரேலென்று ஆனது அவர் முகம்.

அம்மாதான் கத்தினாள். "அட நாசமாப் போறவனே! நண்டு கடிச்சி வலையெல்லாம் ஓட்டயா கீதுன்னு, நாளைக்குப் பாடாச்சேன்னு, எங்க அண்ணன் பொத்துறதுக்கு எடுத்துகினு போச்சுடா! விடியக் காத்தால பஸ் ஸ்டாண்டுல பாத்து எங்கிட்ட சொல்லிச்சு. நான் சந்தைக்குப் போற அவசரத்துல வூட்ல சொல்லாம பூட்டேன்!"

நாள் முழுக்க உட்கார்ந்து எங்கள் வலையின் ஓட்டைகளைப் பின்னியிருக்கிறார் மனுஷன். லுங்கியெல்லாம் சேறு ஆகிவிட்டதால் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, வருங்கால மருமகன் கதை சொல்வதைக் கேட்க வந்திருக்கிறார். இதில் கொடுமை என்னவென்றால், ஆளை நான் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்துப் பாயின் மனைவி பாயம்மா, இங்கே நடக்கும் கலவரம் எதுவும் காதில் விழாமல், தூசி தட்டுவதற்காக டிவியின் முன்னால் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் தாளை உருவினார். மேலே நீலம், நடுவில் சிவப்பு, கீழே பச்சை. திரையில் இன்ஸ்பெக்டர் சாம்பல் நிறத்தில் நின்றுகொண்டிருந்தார். குமாஸ்தாவும் சாம்பல். நாற்காலியும் சாம்பல்.

"கலர் போயிடுச்சு!" என்று கத்தினேன்.

"கலரு எப்போ இருந்துச்சு?" என்றார் பாய், நிஜமான அதிர்ச்சியோடு. "டிவி கறுப்பு வெள்ளதான். மேல மாட்ட மீஞ்சூர்ல வாங்கினு வந்த கலர் தாளு தம்பி அது. எல்லார் எதிர்லயும்தானே மாட்டினேன்!"

எல்லோர் எதிரிலும்தான். நான் அப்போது விடுதியில் சாம்பாரை ஆராய்ந்துகொண்டிருந்தேன். தெரிந்தும் ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று பின்னால் செல்வியிடம் கேட்டேன். "சோழி போட்டு குறி சொல்ற மாதிரி, நீ அந்தத் தாள வச்சிச் சொல்றேன்னு நெனச்சோம் மாமா. படிச்ச புள்ள ஆச்சே" என்றாள்.

மாமா யாரையும் பார்க்காமல் வெளியே போனார். செல்வி அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். வெற்றிலை பாக்கு அன்றே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. நைனா என்னை அடிக்கக்கூட இல்லை. அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

மறுநாள் விடியும்போது வலை கம்பத்தில் இருந்தது, ஒரு ஓட்டை இல்லாமல். மாமா படகில் இருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் போய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கம்பு பிடித்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று "மாமா" என்று வாயெடுத்தேன். கால் சறுக்கியது. ஏரிச் சேற்றில் தலைகுப்புறப் போய், மேலே வந்தபோது கண்ணைத் தவிர உடம்பில் வேறெதுவும் தெரியவில்லை. மாமா குனிந்து என் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார்.

"இது இன்னா கலரு? இதுக்கு இன்னா அர்த்தம், மாப்ள?"

படகே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த 'மாப்ள' என் காதில் விழுந்ததும் தண்ணீரிலேயே நின்று அழுதேன். சேற்றில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளைச் சட்டையை மாமாதான் எடுத்தார். முகூர்த்தத்துக்கு முன்னால் சொந்தபந்தம் எல்லாம் சூழ்ந்து நிற்க, அதைப் பிரித்து என் கையில் கொடுத்து, அதிகாரி மாதிரிக் கனைத்துக்கொண்டு, "வெள்ளதான் மாப்ள. இதுல ஒரு அர்த்தமும் கெடையாது" என்றார். இன்று வரைக்கும் எங்கள் வீட்டில் யார் புதுத்துணி எடுத்து வந்தாலும் முதலில் என் முன்னால்தான் விரித்துக் காட்டுகிறார்கள். பேரப்பிள்ளைகள்கூட. நான் வாய் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து செல்வியின் குரல் வந்துவிடும்: "ஒரு அர்த்தமும் கெடையாது, சும்மா போட்டுக்கோ!"