நடுவில் மிரெலிஸ்

"இந்த விலைக்கு என் கழுதை விட்டைகூட வராதுன்னு சொல்லு அந்தக் கஞ்சப்பயகிட்ட" என்றார் கொக்கோ முதலாளி டோன் எலிகியோ.

மிரெலிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஹாம்பர்கில் நாலு வருஷம் வீடு பெருக்கியபோது கற்ற ஜெர்மன் அவளுடையது. கொக்கோ வாங்க ஜெர்மன்காரர் கெஸ்லர் வந்திருப்பதால் இன்று ஒருநாள் மொழிபெயர்ப்பு வேலை. வியாபாரம் படிந்தால் ஏற்றுமதிப் பிரிவில் நிரந்தரம்.

"விலையைக் கொஞ்சம் யோசிக்கச் சொல்றாரு" என்றாள் ஜெர்மனில்.

கெஸ்லர் மூக்கைச் சுளித்தார். "கிடங்கே பூஞ்சை நாத்தம் அடிக்குது."

"வாசனை தூக்கலா இருக்காம்" என்றாள் ஸ்பானிஷில்.

டோன் எலிகியோவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்போ பின்கிடங்கையும் காட்டு!"

மறைக்க வேண்டியதே அந்தக் கிடங்குதான். கூரையில் ஓட்டை, மூட்டைமேல் கோழிகள்.

"கொக்கோ மேல கோழியா!" என்று அலறினார் கெஸ்லர்.

"என்னம்மா சொல்றாரு?"

"கோழின்னா... ரொம்பப் பிடிக்குமாம், டோன்."

மதியம் மேசையில் சோறு, சிவப்பு அவரை, நடுவில் முழுக்கோழி.

"நான் கறியே சாப்பிடறதில்லை" என்று கெஸ்லர் தட்டைத் தள்ளினார்.

முதலாளியின் முகம் கறுத்தது. "ஏன், என் வீட்டுச் சாப்பாடு இறங்காதாமா?"

"வயிறு சரியில்லையாம்."

அவ்வளவுதான். டோன் எலிகியோவே அடுப்படிக்கு ஓடினார். என்னென்னவோ இலைகளைக் கொதிக்கவைத்து, ஒரு பெரிய குவளைக் கஷாயத்தோடு வந்தார். "ஒரே மூச்சுல குடிக்கச் சொல்லு!"

கெஸ்லர் மிரெலிஸையே பார்த்தபடி குடித்தார். கண்ணில் நீர் தளும்பியது. வேலை போச்சு என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

குவளையை வைத்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்: "அவர் கேட்ட விலையே தர்றேன். கூரையை அடைக்கணும், கோழியை விரட்டணும்."

மிரெலிஸ் மூச்சை இழுத்துக்கொண்டாள். "விலை சம்மதமாம், டோன். அடுத்த தடவை மனைவியோட வருவாராம். அந்தம்மாவுக்கு மழையில நனைஞ்சா ஆகாதாம். கோழின்னா பயமாம்."

"அடப்பாவமே! நாளைக்கே கூரையை அடைச்சு, கோழிங்களைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடறேன்!"

கையெழுத்தாயிற்று. "திங்கட்கிழமையிலிருந்து வந்துரும்மா" என்றார் டோன் எலிகியோ.

கெஸ்லர் காரில் ஏறினார். அவரை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்த ஓட்டுநர் வாஸ்கர், டிக்கியை மூடியபடி மிரெலிஸின் பக்கம் குனிந்தான்.

"வர்ற வழியெல்லாம் இவரு என்கூட ஸ்பானிஷ்லதான் பேசிட்டு வந்தாரு அக்கா. மொழிபெயர்க்க ஆள் வேணும்னு கேட்டதும் இவருதானாம். நடுவுல ஆள் இருந்தா திட்டு புரியாத மாதிரி இருந்துடலாமாம். உங்க முதலாளிகிட்ட நேரா பேசினவங்க யாரும் இதுவரைக்கும் கையெழுத்துப் போட்டதே இல்லையாமே!"