ஜெட் கம்பெனியின் தப்பை நான் திருத்திய கதை

லிஃப்டில் ஏறுமுன் கயிறு எப்போது மாற்றினார்கள் என்று வாட்ச்மேனிடம் கேட்பவன் நான். (இப்போதெல்லாம் என் தலை தெரிந்தாலே அவர் பாத்ரூமுக்குப் போய்விடுகிறார்.) இப்படிப்பட்டவன் ரிமோட்டில் பறக்கும் ஜெட் வாங்கியிருக்கவே கூடாது.

வாங்க வைத்தவன் என் மனைவியின் தம்பி தினேஷ். எலெக்ட்ரானிக் சிட்டியில் இன்ஜினியர். நானோ ஒன்பதாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, அடுகோடிப் பட்டறை ஒன்றில் ஃபிட்டர் ஆனவன். அவன் போனில் ஜெட் வீடியோ காட்டியபோது, "இத நானே செஞ்சிடுவேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

"மாமா, அது ஸ்பேனர் வேலை இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் மட்டும் சத்தமில்லாமல் சிரித்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

கடைக்காரர் கன்னடம் கலந்து நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "ஃபர்ஸ்ட் டைமா சார்? ட்ரெயினர் பிளேன் எடுங்க, மெதுவா பறக்கும். ஜெட் ஸ்வல்ப கஷ்டம்."

விற்காத சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று புரிந்துகொண்டு, ஜெட்டையே எடுத்தேன். முன்னால் இருந்த பெட்டியை ஒதுக்கி, பின்வரிசைப் பெட்டியைக் கேட்டேன். திருகாணிகளை அங்கேயே எண்ணினேன். ஒன்று கூடுதலாக இருந்தது. ஏன் கூடுதலாகத் தருகிறார்கள்?

மூன்று வாரம் பாகம் பாகமாக ஒட்டினேன். நடுவில் தினேஷ் வந்து, "காட்டுங்க மாமா, ஒருவாட்டி செக் பண்ணிடறேன்" என்றான். செக் செய்துவிட்டுத் தானே செய்ததாகச் சொல்லிக்கொள்வான். போர்வையால் மூடிவிட்டேன்.

கடைசி நாள் ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளிப் பார்த்தேன். இறக்கைகளின் பின்விளிம்பில் பக்கத்துக்கு ஒரு மடல். ஒன்று மேலே போனது, மற்றது கீழே. சிக்கினான் கம்பெனிக்காரன். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று இருபது வருடம் உழைத்தவனிடமா? ஒரு பக்கத்துக் குட்டி மோட்டாரின் கையைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். இரண்டும் சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின. கண்ணுக்கே குளிர்ச்சி. (விளக்கத்தாளைப் பார்க்கவில்லையா என்பீர்கள். தப்பு செய்தவனே எழுதிய தாள்தானே அது?)

அத்திபெலே தாண்டி ஒரு வறண்ட ஏரி. மாமியார் வீடு மொத்தமும் வேர்க்கடலை போட்ட சித்ரான்னச் சோற்றோடு வந்து இறங்கியது. தினேஷ் ஜெட்டைக் கையால் வீச, அது ஜிவ்வென்று ஏறியது.

"பரவால்லியே மாப்ள" என்றார் மாமியார்.

அந்த மரியாதை நாலு நொடி நீடித்தது. பிறகு வலப்பக்கம் திருப்பினேன். ஜெட் திரும்பவில்லை, மூக்கைக் கவிழ்த்தது. பதறி இன்னும் வலப்பக்கம் தள்ளினேன். இன்னும் கவிழ்ந்து, சித்ரான்னப் பாத்திரத்தில் நட்டுக்கொண்டு நின்றது.

தினேஷ் ஜெட்டில் ஒட்டிய வேர்க்கடலையைத் தட்டிவிட்டு, மடல்களைப் பார்த்தான்.

"இதுல யார் கை வச்சது?"

"கம்பெனி தப்பா மாட்டியிருந்தான். நான்தான் சரி பண்ணேன்."

அவன் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி, ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தி, அப்படியே உடம்பைச் சாய்த்துத் திரும்பிக் காட்டினான். "இப்படி இருந்தாதான் மாமா திரும்பும்."

அன்றிலிருந்து மாமியார் வீட்டுக் குரூப் போட்டோ எதிலும் எல்லோரும் ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றுதான் நிற்கிறார்கள். முதல் வரிசையில் மாமியார். போன மாதக் கல்யாணத்தில் போட்டோகிராபர், "சார், நீங்க மட்டும் ரெண்டு கையும் ஒரே மாதிரி வச்சுக்கோங்க" என்றார்.

அவருக்கு யாரோ முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள். கேட்டால், தான் இல்லை என்கிறாள் மனைவி. நான் நம்பவில்லை.