மூத்த மாப்பிள்ளை அட்டைப்பள்ளி எழுப்பிய படலம்

மலை குடைந்து வழி சமைத்த மன்னர்களும் மாகடல் கடந்து வாகை சூடிய வேந்தர்களும் சற்றே ஓரமாக ஒதுங்கி நிற்பார்களாக. இதோ வருகிறான் எம் தலைவன்: கோப்புக்கடல் நீந்திய குன்றாப் புகழோன், 'மேல் நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்னும் ஒற்றை வரியை வேலெனச் சுழற்றி, இருபத்திரண்டு ஆண்டுகளாக எந்த வேலையையும் தன் மேசையில் தங்கவிடாது துரத்தியடித்த விறலோன், மூக்குக்கண்ணாடியின் மேல்விளிம்பு வழியாகப் பாய்ச்சிய ஒரே பார்வையால் மனுக் கொடுக்க வந்தோரை மறுவாரத்துக்கு மாற்றும் மாண்பினன், அலுவலகக் கண்காணிப்பாளர் என்னும் அரியணையில் அசையாது அமர்ந்திருந்தமையால் இடை அகன்ற ஏந்தல். திசையெட்டும் திடுக்கிட அவன் நிகழ்த்திய பெரும்போரை வகுத்துரைக்கப் புகுந்தோம். மூன்றாம் வகுப்பு படிக்கும் அவன் மகளிடம், பழைய அட்டைப்பெட்டியில் பள்ளிக்கூட மாதிரி ஒன்று செய்து எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள்.

பசைப்புட்டியின் அடியில் பள்ளிகொண்டு, மூடியோடு மூடியாய் இறுகி, அழைத்தபோது வாராது, அமுக்கியபோது அரைப்புட்டி அளவு பாய்ந்து வரும் பிசின் தெய்வமே, நீயே காப்பு. ஒட்ட வேண்டிய அட்டையில் ஒட்டாது, ஒட்ட வேண்டாத விரலில் விடாது ஒட்டும் உன் விளையாட்டைப் பாடும் எம் நா, மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளாது காத்தருள்க.

பள்ளி அனுப்பிய சுற்றறிக்கையில் மூன்று கட்டளைகள் பொறிக்கப்பட்டிருந்தன. வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கிய பொருள்களையே பயன்படுத்த வேண்டும். பாதி மேசைக்குமேல் இடம் அடைக்கக் கூடாது. குழந்தையே செய்ய வேண்டும். தன் வாழ்நாளில் ஆயிரம் சுற்றறிக்கைகளை யாத்தவன் ஆதலின், எந்தச் சுற்றறிக்கையிலும் மூன்றாவது வரியை எழுதியவரே திரும்பப் படிப்பதில்லை என்னும் மறைபொருளை எம் தலைவன் அறிவான். அதே வகுப்பின் மற்ற முப்பது தந்தையரும் அறிவர். குழந்தைகளுக்கு மட்டும் அது தெரியாது. அவர்கள் பாவம், தாங்கள்தான் செய்யப்போகிறோம் என்று நம்பி வண்ணப் பென்சில்களைக் கூராக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆயினும் தலைவனின் குருதியைக் கொதிக்க வைத்தது சுற்றறிக்கை அன்று, சகலை. மனைவியின் தங்கையை மணந்த அந்தச் சகலை ஒரு பல் மருத்துவன். அவன் மகனும் அதே வகுப்பில் அடுத்த பெஞ்சில் அமர்கிறான். பள்ளி ஆண்டுதோறும் நடத்தும் இந்தப் போட்டியில் சென்ற ஆண்டு அவன் வீடு வென்ற கோப்பை, மாமனார் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல், வருவோர் போவோர் கண்ணைக் குத்தும் உயரத்தில் குடியேறியது. அது குடியேறிய நாள் தொட்டு, மூத்த மாப்பிள்ளைக்கென்று சன்னலோரம் பத்தாண்டுகளாகக் கிடந்த மெத்தை நாற்காலியில் இளைய மாப்பிள்ளை அமரலானான். எம் தலைவன் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பெயர்ந்தான். அரசு இழந்தோர் அழுததுண்டு. அரியாசனம் இழந்தோர் அலறியதுண்டு. மெத்தை இழந்தவன் துயரை எந்தப் புலவன் பாடினான்?

"இந்த வருஷமும் நம்ம டாக்டர்தான் கப் அடிப்பார்போல," என்றார் மாமனார், சென்ற ஞாயிறு. "நீங்க எதுக்கு மாப்பிள்ளை சிரமப்படறீங்க. பாவம், உங்களுக்கு ஆபீஸ்."

அந்தப் 'பாவம்' என்னும் நஞ்சு தோய்ந்த அம்பு தலைவனின் மார்பில் பாய்ந்து, முதுகுப்புறம் பிளாஸ்டிக் நாற்காலியையும் துளைத்து நின்றது. அவன் எழுந்தான். சூளுரைத்தான். இவ்வாண்டுக் கோப்பையை ஏந்தி வந்து இதே கூடத்தில் வைக்காவிடில், இனி இவ்வீட்டில் காபி அருந்தேன் என்றான்.

"உக்காருங்க," என்றாள் மனைவி. "காலண்டருக்கு ஆணி அடிக்கப் போயி கட்டைவிரல்ல அடிச்சுக்கிட்ட ஆளு நீங்க."

சனிக்கிழமை காலை, அளவு நாடா ஒன்றை இடுப்பில் உடைவாளெனச் செருகி, தலைவன் பள்ளிமேல் படையெடுத்தான். உள்ளது உள்ளபடி அளந்து, நூற்றில் ஒரு பங்காகச் சுருக்கி, செங்கல்லுக்குச் செங்கல் நிகராகச் சமைப்பது அவன் திட்டம். வெறிச்சோடிய விளையாட்டுத் திடல் போர்க்களமென விரிந்து கிடந்தது. சுற்றுச்சுவரின் தென்மூலையில் நாடாவின் ஒரு முனையைக் கல்வைத்து நிறுத்தி, மறுமுனையைப் பற்றிக்கொண்டு அவன் பின்னோக்கி நடக்க, கல் உருள, நாடா பாம்பெனச் சீறிச் சுருண்டு வந்து அவன் முழங்காலைத் தீண்டியது. மும்முறை தீண்டியது. நான்காம் முறை, காவலாளி வந்து மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றார்.

"சார், செவுத்தை வாங்கப் போறீங்களா?"

"பாப்பாவுக்கு ஸ்கூல்ல ஒரு புராஜெக்ட்."

"பாப்பா வரலையா?"

"தூங்குது."

"நேத்து பல் டாக்டர் வந்து சும்மா நாலு போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாரு சார்," என்றார் காவலாளி, காலை எடுக்காமலே.

பகைவன் முந்திக்கொண்டான் என்னும் செய்தி கேட்ட படைத்தலைவன் எங்ஙனம் துடிப்பானோ அங்ஙனம் துடித்த எம் தலைவன், மூன்று சன்னல்களையும் ஒரு குழாயடியையும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு வீடு மீண்டான். அந்தத் தாள் சட்டைப்பையிலேயே துவைக்கப் போயிற்று.

ஞாயிறு புலர்ந்தது. கூடத்தின் நடுவே செய்தித்தாள் விரித்து, அதன்மேல் இரண்டு ஷூ பெட்டிகளையும், வாயகன்ற கத்தரிக்கோலையும், பசைப்புட்டிகள் மூன்றையும் அணிவகுத்து நிறுத்தி, வேட்டியை மடித்துக்கட்டித் தலைவன் களம் புகுந்தான். கவசம் துளைக்கும் ஈட்டியும் இத்துணை இரைச்சல் எழுப்பியிராது; அட்டை கிழிந்த ஒலியில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தனர். நேர்கோடாகப் புறப்பட்ட கத்தரிக்கோல் பாதி வழியில் மனம் மாறி, ஆற்றின் போக்கில் வளைந்து, பெட்டியின் மூலையைப் பிளந்து வெளியேறியது. எஞ்சியது சுவர் எனப் பெயர் பெற்றது. அச்சுவரை நிறுத்த, அது சாய்ந்தது. முட்டுக் கொடுக்க, முட்டும் சாய்ந்தது. பசையை ஊற்ற, பசை செய்தித்தாளை ஊடுருவித் தரையைப் பற்றி, பள்ளியையும் கூடத்தையும் பிரிக்கவொண்ணா உறவில் பிணைத்தது.

"அப்பா, நான் ஒட்டட்டுமா?" என்றாள் மகள்.

"தொடாத பாப்பா. ஈரமா இருக்கு."

அரை மணி சென்றது.

"இப்பப்பா?"

"இப்பவும் ஈரம்."

"இது எங்க ஸ்கூலாப்பா?"

தலைவன் சாய்ந்த சுவரை மீண்டும் நிமிர்த்தலானான். பெருவீரர் போர் நடுவே பேசுவதில்லை. மகள் தன் வண்ணப் பென்சில்களை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அடுத்து, முகப்பில் பெயர்ப்பலகை. 'தொடக்கப் பள்ளி' என்னும் இரண்டே சொற்களை எழுதும் பணி, ஓய்வூதிய ஆணைகளையே ஓரெழுத்துப் பிறழாது வரைந்த கைக்கு எம்மாத்திரம்? எடுத்த எடுப்பில் யானையளவில் ஒரு 'தொ' எழுந்தது. குதிரையளவில் 'ட' தொடர்ந்தது. 'க்கப்' வருகையில் பலகையின் முக்கால் நிலம் பறிபோயிருந்தது. புறமுதுகிடும் படையென நெருக்கியடித்த மற்ற எழுத்துகளில், 'பள்' ஓரத்தில் ஒண்டிக்கொள்ள, 'ளி' இடமின்றிப் பலகையை விட்டிறங்கிச் சுவரில் செங்குத்தாகத் தொங்கியது.

இனி மாந்தர். தீக்குச்சிகளில் களிமண் உருட்டி மனித உருவங்கள் சமைக்கும் தருணத்தில்தான் தலைவனின் இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் முழுதும் திரண்டெழுந்தது. உயரம் என்பது உடம்பைப் பொறுத்தது என்பர் பாமரர். பதவியைப் பொறுத்தது என்பது அவன் கண்ட உண்மை. ஆகவே தலைமை ஆசிரியையை ஒரு சாண் உயரத்தில் நிறுவினான். அவருக்கு விரற்கடை குறைவாகத் துணைத் தலைமை. அவர்களின் முழங்காலுக்கு ஆசிரியர்கள். ஆசிரியர்களின் முழங்காலுக்கு எழுத்தர். குழந்தைகள் கடுகளவில் திடலெங்கும் தூவப்பட்டனர். காவலாளிக்கு மண் மிஞ்சவில்லை.

தேநீர் கொண்டுவந்த மனைவி குனிந்து பார்த்தாள்.

"டீச்சர் கூரையை விட உசரமா இருக்காங்களே. கதவுக்குள்ள எப்படிங்க போவாங்க?"

"அவங்க தலைமை ஆசிரியை. கிளார்க் உசரத்துலயா வைக்கச் சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லல," என்றாள். இருபது மதில்களைத் தகர்க்கும் ஆற்றல் அச்சொற்களுக்கு உண்டு. தலைவனின் செவியையோ அவை எட்டவில்லை. அவன் தன் படைப்பை நான்கு பக்கமும் சுற்றி வந்து, கண் பனித்து, கோப்பைக்கு எந்தத் துணியால் மெருகேற்றுவது என்று எண்ணத் தொடங்கியிருந்தான்.

திங்கள் காலை, ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் மனைவியின் மடியேறிப் பவனி வந்த அட்டைப்பள்ளி, முதல் திருப்பத்தில் கொடிக்கம்பத்தையும் இரண்டாம் திருப்பத்தில் ஒரு வகுப்பறையையும் காற்றுக்குக் காணிக்கையாக்கிவிட்டு, பள்ளியின் விழாக் கூடத்துள் நுழைந்தது. அங்கே, மற்ற வகுப்புகளின் படைப்புகளுக்கு நடுவே, இணைத்துப் போட்ட மேசைகளின்மேல், மூன்றாம் வகுப்பின் முப்பத்தொரு பள்ளிகள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் விரலில் பிளாஸ்திரி சுற்றிய தந்தை ஒருவன் நின்றான். ஒவ்வொரு தந்தைக்கும் பின்னால், தான் எதைச் செய்ததாகச் சொல்ல வேண்டும் என்பதை மனப்பாடம் செய்தபடி ஒரு குழந்தை நின்றது.

சகலையின் பள்ளியைப் பாட எமக்கு விருப்பமில்லை. எனினும் வாய்மை தடுக்கிறது. பல் அச்செடுக்கும் மாவால் வார்த்த அதன் சுவர்கள் முன்வரிசைப் பற்களென ஒரே சீராக ஒளிர்ந்தன. சன்னல்கள் திறந்து மூடின. குழாயடியில் மெய்யாகவே நீர் சொட்டியது. பொத்தானைத் தட்டினால் மணி அடித்தது. பேரப்பிள்ளைகளின் படைப்பைக் காண வந்திருந்த மாமனார் அதைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே," என்றான் சகலை, எம் தலைவனின் படைப்பருகே குனிந்து. "ரொம்ப வித்தியாசமா இருக்குண்ணே."

"பாப்பாவே செஞ்சது தம்பி."

"இவனும்தான். நான் கிட்டக்கூடப் போகல," என்றான் சகலை. அவன் நகக்கண் பத்திலும் மாவு வெளுத்திருந்தது.

தலைமை ஆசிரியையும் ஓவிய ஆசிரியரும் நீதித்தேவதையர் இருவரென மேசை மேசையாக வந்தனர். ஒவ்வொரு மேசையிலும் ஓவிய ஆசிரியர், செய்தது யார் என்னும் ஒரே வினாவை வினவினார். ஒவ்வொரு தந்தையும் ஒரே சத்தியத்தை உரைத்தான். சத்தியங்கள் முப்பது அக்கூடத்தின் கூரையை முட்டி நின்றன. ஓவிய ஆசிரியர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்து, குறிப்பேட்டில் ஒரே மாதிரியாக எதையோ கிறுக்கினார். முப்பத்தோராவதாக எம் தலைவன் நெஞ்சு நிமிர்த்தி, கூடம் அதிர முழங்கினான்:

"முழுக்க முழுக்க பாப்பா கைவேலை சார். நான் கத்தரிக்கோலைக்கூடத் தொடல."

ஓவிய ஆசிரியர் குறிப்பேட்டை மூடினார். குனிந்தார். சாய்ந்த சுவரைப் பார்த்தார். தொங்கும் 'ளி'யைப் பார்த்தார். கூரைக்கு மேல் தலை நீட்டி நிற்கும் தலைமை ஆசிரியையை நெடுநேரம் பார்த்தார். அவர் முகம் நெகிழ்ந்தது.

"நம்பறேன் சார்," என்றார். மகளின் தலையை வருடிக்கொடுத்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள்; அப்பா கண்ணால் அதட்டினான்; அவள் தரையைப் பார்த்தாள். ஆசிரியர் அதை அடக்கம் என்று கொண்டார்.

பரிசு வழங்கும் வேளை வந்தது. தலைமை ஆசிரியை ஒலிபெருக்கியின் முன் நின்று, வருடா வருடம் பெற்றோரே செய்வதைத் தடுத்துப் பார்த்துச் சலித்துப்போனதால் இவ்வாண்டு பரிசை இரண்டாகப் பிரித்துவிட்டதாகவும், முதலாவது பெற்றோரின் உதவியோடு செய்தவற்றுக்கு என்றும் அறிவித்தார். அந்தப் பிரிவின் கோப்பைக்குச் சகலையும் அவன் மகனும் மேடையேறினர். மாமனார் எழுந்து நின்று கைதட்டினார். அதே பிரிவில் அடுத்தடுத்து அழைக்கப்பட்ட இரண்டு பரிசுகளும் அயலார்க்குப் போயின. எம் தலைவனின் உலகம் இருண்டது. வாள் முறிந்தோன்போலவும், தேர் கவிழ்ந்தோன்போலவும், காபி துறந்தோன்போலவும் அவன் நாற்காலியில் சரிந்தான்.

அப்போது ஓவிய ஆசிரியர் ஒலிபெருக்கியைப் பற்றினார். இவ்வகுப்பில் ஒரே ஒரு தந்தையின் நேர்மை தம்மை உலுக்கிவிட்டதாகச் சொன்னார். சின்னக் குழந்தைகள் தங்களுக்குப் பெரியவர்களாகத் தோன்றுவோரைக் கதவைவிடப் பெரிதாகவும், தங்களைக் கடுகு மாதிரியும் செய்வார்கள் என்றும், அந்தக் கள்ளமில்லாப் பார்வையை எந்தப் பெரியவரின் கையாலும் உண்டாக்க முடியாது என்றும் சொன்னார். மூன்றாம் வகுப்பு, வருகை எண் பதினேழு என்றார்.

பதினேழு எம் தலைவனின் மகளின் எண். புழுதியிலிருந்து சிங்கமென எழுந்தான் அவன். மூத்த மாப்பிள்ளையின் முகம் மீண்டது. மாமனாரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மகளை ஒரு கையிலும் மேல்துண்டை மறு கையிலும் பற்றி, முரசங்கள் முழங்காத குறையைத் தன் செருப்பொலியால் நிறைத்தபடி மேடையின் படிவரை நடந்தான்.

"சார், நீங்க உக்காருங்க," என்றார் தலைமை ஆசிரியை. "இது குழந்தை மட்டும் வந்து வாங்கறது."

பெரியவர் கை படாமல் குழந்தையே செய்தது என்கிற பிரிவில் எம் தலைவனின் அட்டைப்பள்ளிக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று செய்த தீப்பெட்டிப் பள்ளிக்குப் போனது.