கப்பலில் சிக்கிய பட்டதாரிகள்

"கப்பல் இன்னும் பண்டா தீவுலதான் நிக்குதாம், மேடம்," என்றான் போனி.

பல்கலைக்கழகத்தின் மீன் பதனீட்டுத் துறைத் தலைவி யோசினா, கோப்பில் குத்தப்போன முத்திரையை அந்தரத்தில் நிறுத்தினாள்.

"எப்பக் கிளம்புமாம்?"

"அலை அடங்கினதும்."

"அலை எப்ப அடங்குமாம்?"

"அதைக் கேக்கல மேடம்."

துறை எழுத்தர் போனியின் குணம் அது. கேட்டதற்கு மேல் ஒரு சொல் கொசுறு தரமாட்டான்.

கப்பலில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐவரும் இந்தத் துறையில் படித்து முடித்து, நிஜமாகவே வேலையில் இருப்பவர்கள். நாளைக் காலை எட்டு மணிக்கு ஜகார்த்தா மதிப்பீட்டாளர் அவர்களோடு உட்கார்ந்து பேசவேண்டும். எத்தனை மாதத்தில் வேலை கிடைத்தது, படித்தது உதவியதா, யாரிடம் ஆய்வேடு செய்தீர்கள் என்று கேட்பார். அதை வைத்துத்தான் தரம் போடுவார். தரம் கிடைக்காவிட்டால் இந்தப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது; செல்லாத பட்டத்துக்குப் பிள்ளைகள் வரமாட்டார்கள்; அப்புறம் துறைக்குப் பூட்டு. ஜாவாவில் ஒரு துறையை மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். மலுக்குத் தீவுகளின் இந்தத் தென்கோடியில் அடுத்த தெரு என்பது மூன்று நாள் கடல்.

"போன்ல பேச வெச்சா?"

"பேச்சு வந்தா முகம் வரல மேடம். முகம் வந்தா ஆடுது."

இன்று மதியம் ஒத்திகை வேறு இருந்தது. பல்கலைக்கழகத் தரக் குழுவின் ஹாஷிம் மதிப்பீட்டாளர் மாதிரி உட்கார்ந்து கேள்வி கேட்பார். மனிதர் அந்த வேஷத்தை ஆசையோடு கட்டுவார். போன மாதம் வனவியல் துறையில் ஒத்திகையின்போதே துறையை மூடச் சொல்லிவிட்டுப் போனவர்.

போனி தொண்டையைக் கனைத்தான். "ஆள் வேணும்னா புடிக்கலாம் மேடம்."

"அது ஏமாத்து வேலை போனி. நாப்பத்தெட்டு வயசுல என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டரை.

"எத்தனை பேர் கிடைப்பாங்க?"

இரண்டு மணிக்குள் நான்கு பேர் கிடைத்தார்கள். யோசினாவின் தங்கை புருஷன் லோடி, மீன் சந்தையில் ஐஸ் விற்பவன். பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டரின் டிரைவர். வாடகைக்கு பைக் ஓட்டும் ஒருவர். தேவாலயப் பாட்டுக் குழுவின் தலைவர். ஐந்தாவதாக, கேன்டீன் டோர்காஸ் அக்கா தன் சித்தப்பா மகனை அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். பக்கத்துத் தீவில் பள்ளிக்கூட வாத்தியாராம்.

நால்வரையும் பார்த்தால் பட்டதாரி மாதிரியே இல்லை என்று போனிக்குத் தோன்றியது. ஓடிப்போய்ப் பீரோவிலிருந்து மாணவர்கள் போடும் நான்கு பல்கலைக்கழகக் கோட்டுகளை எடுத்து வந்து மாட்டிவிட்டான். பதில்கள் எழுதிய காகிதத்தை யோசினா பாட்டுக் குழுத் தலைவரிடம் கொடுத்து, "இவங்களுக்கு மனப்பாடம் பண்ணி வைங்கண்ணே," என்றாள்.

அங்கேதான் தப்பு நடந்தது.

ஹாஷிம் வந்தார், மூக்குக் கண்ணாடியை இறக்கினார், டிரைவரைப் பார்த்துக் கேட்டார்: "படிச்சு முடிச்சு எத்தனை மாசத்துல வேலை கிடைச்சுது?"

"மூன்று மாதம்," என்றார்கள் நால்வரும், ஒரே சுருதியில். 'மாதம்' சற்றே இழுத்து இறங்கியது.

"நான் ஒருத்தரைத்தான் கேட்டேன்."

"மன்னிக்கணும் ஐயா," என்றார் பாட்டுக் குழுத் தலைவர். "பழக்க தோஷம்."

"அது போகட்டும். நீங்கல்லாம் எந்த வருஷம் முடிச்சீங்க?"

"ரெண்டாயிரத்துப் பதினாலு."

"இந்தக் கோட்டோட நிறத்தை மாத்தி ரெண்டு வருஷம்தான் ஆகுது. அப்ப இருந்தது மஞ்சள்."

யோசினா போனியைப் பார்த்தாள். போனி கூரையைப் பார்த்தான்.

"கழட்டுங்க எல்லாரும்," என்றாள். கழற்றினார்கள். லோடியின் உள்சட்டையில் 'ஐஸ் கட்டி, மொத்தமாகவும் சில்லறையாகவும்' என்று அச்சிட்டிருந்தது.

"ஆய்வேட்டுக்கு வழிகாட்டி யாரு?" என்றார் ஹாஷிம்.

"யோசினா மேடம்."

"உங்களுக்கு?"

"யோசினா மேடம்."

"நாலு பேருக்கும் நீங்களேவா? மத்த ஆசிரியர்கள் என்ன செஞ்சாங்க, மீன் பொரிச்சாங்களா? நாளைக்கு முதல்ல இதைத்தான் புடிப்பாங்க."

அந்த வேளையில் கதவருகே ஒருவர் வந்து நின்றார். நரைத்த தலை, அரைக்கை பாத்திக் சட்டை, தோளில் பை.

"மீன் பதனீட்டுத் துறை இதானே?"

"டோர்காஸ் அக்கா அனுப்பினவர்தானே?" என்றாள் யோசினா.

"ஆமா, கேன்டீன்ல ஒரு அக்காதான் வழி சொன்னாங்க. நான் சும்மா ஒரு பார்வை..."

"பாக்கறதுக்கு இங்க ஒண்ணுமில்லைங்க, பேசறதுக்குத்தான் ஆள் வேணும். உட்காருங்க. பட்டதாரிதானே?"

"பட்டதாரிதான்."

"வேலை?"

"வாத்தியார் வேலைதான்."

"அது போதும். நாளைக்கு யார் கேட்டாலும் இங்கதான் படிச்சீங்க. வயசு கேட்டா லேட்டாப் படிச்சேன்னு சொல்லுங்க."

வந்தவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அமைதியாக உட்கார்ந்தார்.

யோசினா வேகமாக நான்கு ஆசிரியர்களின் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி ஆளுக்கொன்று கொடுத்தாள். ஹாஷிம் மறுபடி கேட்டார். லோடி சீட்டை மேசைக்கடியில் விரித்துப் படித்தான்.

"பேராசிரியர் லாம்பெர்ட்டுங்க. தங்கமான மனுஷன். போன வாரம்கூடப் போன்ல ரொம்ப நேரம் பேசினோம்."

ஹாஷிம் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"அவரை அடக்கம் பண்ணி மூணு வருஷமாச்சு," என்றார் ஹாஷிம். "நானும்தான் போயிருந்தேன்."

"அதான் குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டுச்சு," என்றான் லோடி.

"லோடி, நீ வாயைத் திறக்காத."

"நீங்கதானக்கா பேசணும்னு கூட்டிட்டு வந்தீங்க. கடையில அங்க என் ஐஸ் உருகிட்டு இருக்கு."

"சரி, பாடத்துலேர்ந்து ஒண்ணு கேக்கறேன்," என்றார் ஹாஷிம். "மீனைப் பிடிச்சு ஆறு மணி நேரம் ஐஸ்ல வைக்காம விட்டா என்ன ஆகும்?"

"எனக்கு நஷ்டம்," என்றான் லோடி.

ஹாஷிம் பேனாவை மூடினார். "மேடம், இது ஒத்திகைதான். ஆனாலும் சொல்றேன், பேசாம மூடிடுங்க."

யோசினாவுக்கு அழுகை வரும்போல் இருந்தது; அழவும் நேரமில்லை. "இந்த ஒரு தடவை தேறிட்டா போதும். கப்பல்ல இருக்கற அஞ்சு பேரும் நெசமாவே நல்லா வந்த பிள்ளைங்க. அவங்க வந்திருந்தா நான் எதுக்கு இந்த ஐஸ்காரன்கிட்ட பேச்சு வாங்கறேன்?"

"நாளைக்கு வர்றவர் கண்டுபிடிச்சிட்டாருன்னா?" என்று கேட்டார் புதிதாக வந்தவர்.

"ஜகார்த்தா ஆளுங்கதானே? மதியச் சாப்பாட்டுல பெரிய இறாலா ரெண்டு வெச்சா, எழுதிட்டு வந்ததையே மறந்துடுவாங்க. மூணு மணிக்கு மேல கேள்வியும் வராது, கொட்டாவிதான் வரும்."

அவர் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினார்.

"பாருங்க," என்றாள் யோசினா மற்ற நால்வரிடம். "இவர் ஒருத்தர்தான் ஒழுங்கா குறிப்பு எடுக்கறார்."

ஹாஷிம் அவரிடமும் கேட்டுப் பார்த்தார். மீன் கெடுவது பற்றி அவர் பதறாமல் ஐந்து நிமிடம் பேசினார். எந்தக் கிருமி, எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று பிட்டுப்பிட்டு வைத்தார். ஹாஷிம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இவ்வளவு நல்ல சரக்கு டோர்காஸ் அக்காவின் குடும்பத்தில் எப்படி வந்தது என்று யோசினாவுக்கு ஒரே வியப்பு.

"நாளைக்கு இவரை முன்னால உட்கார வைங்க," என்றார் ஹாஷிம். "மத்தவங்களைக் கடைசி வரிசைல. முடிஞ்சா கதவுக்கு வெளியில."

புதியவர் கிளம்பும்போது யோசினா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சார், என் துறையே உங்களை நம்பித்தான் இருக்கு. காலைல எட்டு மணிக்கு வந்துடுவீங்கல்ல?"

"கட்டாயம் வந்துடறேன் மேடம்," என்றார் அவர். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தலையசைத்துவிட்டுப் போனார்.

யோசினா நாற்காலியில் சாய்ந்தாள். மூன்று நாளில் முதல் தடவையாகத் தேநீர் குடிக்க வேண்டும்போல் இருந்தது. அதே நேரம் டோர்காஸ் அக்கா தட்டில் தேநீரும் மரவள்ளி அடையுமாக உள்ளே வந்தாள்.

"கோச்சுக்காதீங்க மேடம். என் சித்தப்பா மகன் வரல. படகு எஞ்சின் பழுதாம்."

"வரலையா? அப்ப நீங்க வழி சொல்லி அனுப்பினீங்களே, நரைச்ச தலைக்காரர், அவர் யாரு?"

"அவரா?" என்றாள் டோர்காஸ் அக்கா, தேநீரைச் சிந்தாமல் மேசையில் வைத்தபடி. "நாளைக்கு உங்க துறைக்குத் தரம் போட வந்திருக்கற ஜகார்த்தா பேராசிரியர், காலைப் பிளேன்லயே வந்துட்டாராம்."