டீ குடிக்கப் போனால் சாகும் கேமரா

அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள்: நான். என் தங்கை செல்வி. அவள் வீட்டுக்காரர் குமரன். பிறகு வந்து சேர்ந்த பண்ருட்டி முந்திரி வியாபாரி. இதில் சும்மா இருக்கத் தெரியாதவன் ஒருவன்தான். அவன்தான் இதை எழுதுகிறான்.

எனக்குக் கடலூர் முதுநகரில் வெல்டிங் பட்டறை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பேச்சும் அவ்வளவாக வராது. மாப்பிள்ளை இன்ஜினியர். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து என் பட்டறையில் ஒரு மெஷின் செய்துகொண்டிருந்தார். பெல்ட்டில் முந்திரிப்பருப்பு ஓடும். மேலே நகமளவு கேமரா ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும். முழுசை விட்டுவிடும். உடைசல் வந்தால் காற்று ஊதித் தள்ளும். அதற்கான சர்க்யூட் போர்டும் அவரே வரைந்து செய்யவைத்தது. இரும்புச் சட்டம் மட்டும் என்னுடையது.

சனிக்கிழமை பார்க்க வரும் வியாபாரிக்குப் பிடித்தால் ஆர்டர். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை மாப்பிள்ளை சென்னையில் பழைய வேலைக்கே திரும்ப வேண்டும். செல்வி பாதி மூட்டை கட்டிவிட்டாள்.

கேமராதான் தகராறு. மேஜையில் வைத்தால் படம் தெரியும். சட்டத்தில் மாட்டினாலும் தெரியும். மாப்பிள்ளை நிம்மதியாக டீ குடிக்கப் போவார். திரும்பி வந்தால் கேமரா செத்திருக்கும். இப்படி மூன்று போயின. வயரை மாற்றினார். மீட்டர் வைத்து ஒவ்வொரு முனையாக அளந்தார். புரோகிராமைத் திருப்பி எழுதினார். கடல் உப்புக்காற்று என்று பாலிதீன் சுற்றினார். செல்வி தன் பங்குக்குச் சூடம் சுற்றினாள்.

"மச்சான், நான் இல்லாதப்ப கேமராவத் தொட்டீங்களா?" என்று கேட்டார்.

"தொடல" என்றேன். தொடவில்லைதான்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். டீ குடிக்கப் போகும்போதுதான் சாகிறது. ஆகவே டீயை விட்டார். (எனக்கும் அது நியாயமாகவே பட்டது.) நான்காவது, அதாவது கடைசிக் கேமரா, சனிக்கிழமை காலை முழுக்க உயிரோடு இருந்தது. பருப்பு ஓடியது. உடைசல் பறந்தது. அந்த டீயில் என்னதான் கலக்கிறார்கள் என்று செல்வி யோசிக்க ஆரம்பித்தாள்.

வியாபாரி போன் செய்தார். வழி தெரியாமல் மெயின் ரோட்டில் நிற்கிறாராம். மாப்பிள்ளை அழைத்து வரப் போனார்.

நான் சட்டத்தைப் பார்த்தேன். ஆரம்பத்தில் ஒருநாள், படம் லேசாக ஆடுகிறது என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். என் வேலை ஆடுகிறது என்றால் எனக்குத் தாங்காது. அன்றிலிருந்து அவர் வெளியே போகும்போதெல்லாம் கேமரா தாங்கியில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்து வந்தேன். சொல்லிக்கொள்கிற அளவுக்குப் பெரிய வேலையா அது? அன்றும் ஒன்று வைத்தேன்.

திரை இருண்டது.

"அண்ணே, இப்ப என்னாண்ணே பண்ணுன?" என்றாள் செல்வி.

மாப்பிள்ளை வாசலில் நின்றார். பின்னால் வியாபாரி. மாப்பிள்ளை என் கையிலிருந்த வெல்டிங் ராடைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"முன்னாடி மூணுக்குமா மச்சான்?"

"ஆளுக்கு ஒண்ணு" என்றேன்.

வெல்டிங் கரண்டு சட்டம் முழுக்க ஓடுமாம். அதில் திருகியிருக்கிற கேமராவையும் விடாதாம். இதெல்லாம் அவர் பிறகு சொன்னது.

வியாபாரி காதில் எங்கள் பேச்சு விழவில்லை. மெஷினைச் சுற்றி வந்து, ஓடாதா தம்பி என்றார். மாப்பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கேமரா சரியில்லை என்று தலையைக் குனிந்துகொண்டார். வியாபாரி செருப்பைத் தேடினார். செல்வி என்னையே பார்த்தாள்.

"நான்தாங்க" என்றேன். "கேமராவக் கழட்டாம வெல்டிங் வச்சேன். நாலையும் நான்தான் கொன்னேன். மெஷின் நல்ல மெஷினுங்க." (என் வாழ்நாளில் நான் பேசிய நீளமான பேச்சு இதுதான். பெண் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோதுகூடத் தலையைத்தான் ஆட்டினேன்.)

"அப்ப கோளாறு மெஷின்ல இல்ல" என்றார் வியாபாரி.

"இல்லீங்க."

"உங்ககிட்டதான்."

"ஆமாங்க."

அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "தம்பி, புதுக் கேமரா போட்டு பண்ருட்டிக்கே கொண்டாந்து ஓட்டிக் காட்டு. இவர மட்டும் கூட்டியாராத."

ஓட்டிக் காட்டினார். ஆர்டர் கிடைத்தது. செல்வி மூட்டையைப் பிரித்தாள். மாப்பிள்ளை இப்போது சிதம்பரத்திலேயே ஷெட் போட்டுவிட்டார். சட்டத்தை நான் செய்து லாரியில் ஏற்றிவிடுவேன். கூடப் போவதில்லை. நான் தங்கை வீட்டுக்குள் நுழைந்தால் டிவியை அணைக்கிறார்கள். பிள்ளைகள் செல்போனை ஒளித்து வைக்கிறார்கள்.

போன வாரம் புது மெஷினில் கேமரா மாட்டிவிட்டு மாப்பிள்ளை போன் செய்தார்.

"எங்க இருக்கீங்க மச்சான்?"

"பட்டறையிலதான்."

"அங்கயே இருங்க" என்றார். அப்புறம்தான் சுவிட்ச் போடுகிற சத்தம் கேட்டது.

நடுவில் நாற்பது கிலோமீட்டர்.