அடிக்குரலுக்கு ஒரு மைக்

"அடிக்குரல்காரங்க முன்னாடி ஒரு மைக் வைக்கறேன் மேடம். கடைசி வரிசை வரைக்கும் கணீர்னு கேக்கும்" என்றார், கச்சேரிக்கு மேடையைத் தயார் செய்துகொண்டிருந்த மைக் செட்காரர்.

கண்ணாடிக்கடைக்காரர் சட்டென்று ஓரடி பின்வாங்கினார்.

பதினாறு பேர் பாடும் அந்தக் குழுவில் அடிக்குரலுக்கு, அதாவது கனத்த கீழ்ச்சுருதியில் பாட, நான்கு ஆண்கள். அவர்களில் இவர் ஒருவர். ஆறு வருஷமாக வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறார். பாட்டுக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆண்குரல் போதவில்லை என்று இவரை இழுத்து வந்தது, குழுவை நடத்தும் இவர் மனைவிதான். செவ்வாய்தோறும் ஒத்திகை முடிந்து இருவரும் கதை பேசிக்கொண்டே வீட்டுக்கு நடப்பார்கள். அந்த அரைமணி நேரத்துக்காக இவர் எந்தப் பாவத்தையும் செய்வார். குட்டு உடைந்தால் அதற்கும் வேட்டு.

தன் முன்னால் வைத்த மைக்கைக் காலால் நைசாக, அடுத்த அடிக்குரலான தபால்காரர் பக்கம் தள்ளினார். தபால்காரர் அதைப் பல் டாக்டரிடம் தள்ளினார். டாக்டர், கணக்கு வாத்தியாரிடம். வாத்தியார் அதைத் தூக்கி வந்து மறுபடி இவர் முன்னாலேயே நட்டார்.

"நீங்கதான் சார் எங்களுக்கெல்லாம் சீனியர்."

இவ்வளவு தன்னடக்கம் கூடாது என்று இவருக்கு எரிச்சலாக வந்தது.

யாரும் பார்க்காத நேரத்தில் வயரைப் பிடுங்கினார். மைக் செட்காரர் தட்டிப் பார்த்தார். "இது செத்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனவர், அதைவிடப் பெரிதாக இரண்டு கொண்டுவந்து வைத்தார்.

கடைசியில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு மனைவியிடமே போனார்.

"தொண்டை கட்டிக்கிச்சும்மா. இன்னிக்கு நான் கீழ உட்காந்து கேக்கறேனே?"

"நீங்க இல்லாம எப்படிங்க? கஷ்டப்பட்டுக் கத்தவேணாம். முன்னாடி வந்து, செல்லோ வாசிக்கற பொண்ணு பக்கத்துல நில்லுங்க. மெதுவாப் பாடினாலே போதும்."

கையில் ஒரு டம்ளர் வெந்நீரையும் திணித்துவிட்டுப் போனாள். இரண்டு மைக்கும் அவர் பின்னாலேயே இடம் மாறி வந்தன.

தனி வாசிப்புக்கென்று அன்றுதான் வெளியூரிலிருந்து வந்திருந்த அந்தப் பெண், பெரிய வயலின் போலிருந்த செல்லோவைச் சாய்த்து வைத்துவிட்டு, வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை. சரணாகதிதான்.

"ஒரு உதவிம்மா. எனக்குச் சுத்தமாப் பாட வராது. என் பாகத்தையும் செல்லோவுல வாசிச்சுடறியா? நான் வாயசைச்சுக்கறேன். என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியக்கூடாது."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "கவலைப்படாதீங்க சார். நான் பாத்துக்கறேன்."

கச்சேரி அமர்க்களப்பட்டது. மற்ற குரல்களுக்கு அடியில் செல்லோ இழைந்து ஓட, இவர் கண்ணை மூடி, தலையை ஆட்டி, ஒரு இடத்தில் கையைக்கூட விரித்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

மனைவி ஓடிவந்தாள். கண் கலங்கியிருந்தது. "ஆறு வருஷத்துல இப்படி ஒரு அடிக்குரலை நான் கேட்டதே இல்லீங்க! இருங்க, மைக் செட்காரர்கிட்ட சொல்லிட்டு வரேன், நடந்தே வீட்டுக்குப் போலாம்."

இவருக்குக் குற்ற உணர்ச்சி ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். செல்லோவைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போய்க் கைகூப்பினார்.

"உயிரைக் காப்பாத்தினம்மா! அவளுக்குத் துளிகூடச் சந்தேகம் வரல."

அவள் பெட்டியை மூடினாள்.

"அடிக்குரல்ல நாலு பேருமே வாயத்தான் அசைக்கறாங்க, யாரையும் போகச்சொல்ல மனசு வரலன்னு சொல்லித்தானே சார், மேடம் என்னையே வரவழைச்சாங்க!"