தவிடு தின்ற கார்

பூதலூர் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் கார் ஒருமுறை செருமியது. பிறகு அடங்கிப்போனது.

இராஜாங்கம் சாவியைத் திருகிப் பார்த்தார். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. பக்கத்தில் பழைய தலையாரி நல்லக்கண்ணு, மடங்காத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் வீரையனும் அவர் மனைவி ராசம்மாளும். தஞ்சாவூர் குத்தகைக் கோர்ட்டில் அன்று வீரையனின் வழக்கு. அப்பா காலத்திலிருந்து உழுதுவந்த நிலத்தை விட்டு அவரை வெளியேற்றச் சொல்லி மிராசுதார் பஞ்சநதம் போட்டது. உதயசூரியன் ஆட்சியில் தொடங்கிய வழக்கு, இரட்டை இலை ஆட்சியிலும் முடிந்தபாடில்லை.

அந்த வயலை உழுதது யார் என்று சொல்ல நல்லக்கண்ணுவை விட்டால் சாட்சி கிடையாது. அவரால் பஸ் படி ஏற முடியாது. ஊரில் கார் என்று இருந்ததோ இராஜாங்கத்தின் பழைய டீசல் கார் மட்டும்தான். வீரையனின் வக்கீல், சாட்சி வழியில் மாட்டிக்கொண்டார் என்று சொல்லி வாய்தா வாங்கினார்.

திருக்காட்டுப்பள்ளி மெக்கானிக் அப்துல் வஹாப் டீசல் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே பழுப்பாக ஏதோ களிபோல அப்பிக்கிடந்தது. விரலால் வழித்து முகர்ந்து பார்த்துவிட்டு, இது சேறும் இல்லை துருவும் இல்லை, தனக்கே விளங்கவில்லை என்றார். புதுக் காகித ஃபில்டரைப் போட்டு அனுப்பினார்.

இராஜாங்கத்துக்கு அது என்னவென்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. பழைய ஃபில்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து, அறுத்து, வாசலில் காயப்போட்டார். காய்ந்ததும் ஒரு கோழி வந்து கிளறியது. டீசல் நாற்றத்தில் தலையை உதறிவிட்டுப் போனது. குனிந்து பார்த்தால், தவிடு.

டீசலில் தவிடு எப்படி வரும்? பங்க்கில் அரிசி மில் லாரிகள் நிற்கின்றனவே, அங்கிருந்துதான் பறந்து விழுகிறது என்று முடிவு கட்டினார். அடுத்த வாய்தாவுக்குத் திருவையாற்றிலிருந்து டீசல் வாங்கிவந்து, வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினார். முன்னெச்சரிக்கையாக ஃபில்டரையும் தானே கழற்றி மாட்டினார். மாட்டியவர் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றவில்லை. கார் வாசலைவிட்டே நகரவில்லை.

"ஃபில்டர் மாத்தினா ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்கணும். நுரை நின்னு வெறும் டீசல் வர்ற வரைக்கும் அடிக்கணும் ராஜாங்கம்" என்றார் வஹாப்.

இராஜாங்கம் அதைக் கற்றுக்கொண்டார். மூன்றாவது முறை வேறு யோசனை வந்தது. காகிதம் எல்லாவற்றையும் பிடிப்பதால்தானே அடைக்கிறது? கொஞ்சம் தாராளமாக விடுகிற துணி ஃபில்டரைப் போட்டால்? போட்டார். தவிட்டுத் தூள் தாராளமாகப் போய், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலில் உட்கார்ந்தது. கார் கரும்புகை கக்கிக்கொண்டு, ஒரு மாட்டுவண்டி தன்னை முந்திப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றது. மறுபடி வாய்தா.

டாக்ஸி பிடிக்கலாமே என்றார் வஹாப். இராஜாங்கத்துக்கு முகம் சுருங்கியது. அவரும் வீரையனின் தெருவில் பிறந்தவர். அவர் அப்பாவும் பஞ்சநதத்தின் பண்ணையில் நாற்று சுமந்தவர். இந்த வழக்கில் தன் கார் போவதுதான் மரியாதை என்று நினைத்தார். ராசம்மாளும், போனால் அண்ணன் வண்டியில்தான் போவது என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் பளிச்சென்று உறைத்தது. பஞ்சநதத்துக்கு அரிசி மில் இருக்கிறது. மில் என்றால் தவிடு.

நேரே போய்க் கேட்டுவிட்டார். பஞ்சநதம் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அந்தக் கேசு சீக்கிரம் முடியணும்னு நான் சாமிக்கு வேண்டிக்கிட்டிருக்கேன். ஒன் காரை நிறுத்தி எனக்கு என்னய்யா ஆவப்போவுது?"

நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டு திரும்பினார் இராஜாங்கம். அன்று முதல் காரைத் தன் வீட்டில் விடாமல், வீரையன் வீட்டுக் கொல்லையில் நிறுத்தினார். வீரையன் காருக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுப் படுத்தார். அப்படியும் ஃபில்டரைத் திறந்து பார்த்தபோது முன்னைவிட அதிகமாகத் தவிடு இருந்தது. பஞ்சநதத்தின் சாமர்த்தியத்தை எண்ணி இராஜாங்கம் வியந்துபோனார்.

இனி ஆளைப் பிடிப்பதில் பயனில்லை, தவிட்டைத்தான் பிடிக்க வேண்டும். வஹாபும் அவருமாகச் சேர்ந்து டேங்கை இறக்கிக் கழுவினார்கள். குழாயில் முதலில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். தண்ணீரும் கசடும் அதில் தங்கும். அடுத்து டிராக்டருக்குப் போடுகிற பெரிய துணி ஃபில்டர். அதற்குப் பிறகு காகித ஃபில்டர். நுரை நிற்கும்வரை கைப்பம்பை அடித்தார் இராஜாங்கம்.

வாய்தா நாள் காலையில் கண்ணாடிக் கிண்ணத்தில் கைப்பிடித் தவிடு தங்கியிருந்தது. கழற்றிக் கொட்டிவிட்டு வண்டியை எடுத்தார். பூதலூர் கேட் வந்தது, போனது. எஞ்சின் ஒரு செருமல்கூடச் செருமவில்லை. வழியெல்லாம் இராஜாங்கம் ஃபில்டரின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தார். பின் சீட்டில் ராசம்மாள் வாயே திறக்கவில்லை. பயந்திருக்கிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

கோர்ட் வாசலில் வக்கீல் ஓடிவந்து, இன்றைக்கே சாட்சி முடிந்து தீர்ப்பும் ஆகிவிடும் என்று நல்லக்கண்ணுவைக் கைத்தாங்கலாக அழைத்துப்போனார். வீரையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

இராஜாங்கம் பானெட்டைத் தட்டிக்கொடுத்தார். "பாத்தியா தங்கச்சி, இனிமே எவன் என்னத்தப் போட்டாலும் இது நிக்காது."

ராசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"தீர்ப்பு எந்தப் பக்கம் சாயுமோ யாரு கண்டா, கேசு இழுக்குற வரைக்கும்தாண்ணே அந்த வயலு எங்க கையில இருக்கும், அதுக்காவத்தான் அவருக்கே தெரியாம டேங்குல தவிட்டை அள்ளி அள்ளிப் போட்டேன், நீங்க இப்படிக் கொண்டாந்து சேத்துட்டீங்களே."